கேட்டதைச் சொல்வதும் கூட்டிச் சொல்வதும்

செய்தி என்பது ஓர் அமானிதம். ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொன்னையும் பொருளையும் எவ்வாறு குறையாமலும் மாற்றாமலும் திருப்பித் தரக் கடமைப்பட்டிருக்கிறோமோ, அவ்வாறே ஒரு மனிதரைப் பற்றிக் கேட்ட செய்தியையும் குறைக்காமல், கூட்டாமல் அடுத்தவரிடம் சேர்ப்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இதை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் இடத்தில் இருக்கும் நாமே இதில் ஒருமுறை தவறினோம். அந்தத் தவற்றைச் சொல்லித் தொடங்குவதே இக்கட்டுரைக்கு நேர்மையாகும்.

நாம் இருப்பது ஆரணி. பட்டுக்குப் பெயர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையத்துக்கு அருகே, ஆரணி ஆற்றின் கரையிலுள்ள சிற்றூர். நம் மஹல்லாவின் வாலிபர்களில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போய் வருகிறவர்கள். 2024-ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி, அக்டோபர் 31 அன்று, 'அமரன்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அடுத்த மாதம் ஒரு ஜும்ஆவில் அப்படத்தைக் கண்டித்து நாம் பயான் செய்தோம். தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்தபின், இரவு ஷிப்டு முடித்து உறக்கமில்லாத கண்களோடு வந்திருந்த ஒரு வாலிபர் மட்டும் நின்றார்.

"ஹஜ்ரத், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அந்தப் படத்தைப் பார்த்தீங்களா?"

"இல்லை தம்பி. பார்த்தவங்க சொன்னாங்க."

"யாரு பார்த்தாங்க ஹஜ்ரத்?"

நம்மிடம் பதில் இல்லை. நமக்கு அது வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. அனுப்பியவருக்கு வேறொருவர் அனுப்பியது. முதலில் சொன்னவர் யார், அவர் படத்தைப் பார்த்தவர்தாமா என்பது யாருக்கும் தெரியாது. 'மஜ்ஹூல்', அதாவது இன்னாரென்று அறியப்படாத ராவி, அறிவிக்கும் செய்தியை ஏற்கலாகாது என்று வாரம் முழுதும் மாணவர்களுக்குப் பாடம் நடத்திவிட்டு, வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறி அத்தகைய ஒருவரின் செய்தியை ஊருக்கே அறிவித்திருக்கிறோம். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது முஸ்லிம் ஷரீஃபின் முன்னுரையிலேயே இருக்கிறது. அது நமக்குத் தெரியாததல்ல.

திரைப்படம் பார்ப்பதைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு இங்கே நாம் எடுத்துக்கொண்ட பொருள் அல்ல. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன காஜி, பிறகாவது ஆவணங்களைப் புரட்டிப் பார்க்கக் கடமைப்பட்டவர். அந்த எண்ணத்தோடு நூலையும் படத்தையும் தேடிப் பார்த்தோம். அதிலிருந்து எழுந்த கேள்வி இதுதான்: ஒருவர் வாழ்ந்த வாழ்வை மற்றொருவர் எடுத்துச் சொல்லும்போது, எதை மாற்ற அவருக்கு உரிமையுண்டு, எதை மாற்ற உரிமையில்லை?

செய்தி வந்த வழி

மேஜர் முகுந்த் வரதராஜன் சென்னை தாம்பரத்தில் கல்லூரியில் பயின்று, 2006-ல் இராணுவ அதிகாரியானவர். காஷ்மீரில் 44-ஆவது ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் பணியாற்றியவர். 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியான் மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் நடந்த துப்பாக்கிச் சண்டையில், 31-ஆம் வயதில் உயிரிழந்தார். சிப்பாய் விக்ரம் சிங்கும் அதில் உயிரிழந்தார். அவருக்கான அசோக சக்கர விருதை மறுஆண்டு குடியரசு நாளில் அவருடைய மனைவி பெற்றுக்கொண்டார்.

ஷிவ் அரூர், ராகுல் சிங் என்ற இரு பத்திரிகையாளர்கள் பல வீரர்களின் வரலாற்றைத் தொகுத்து 'இந்தியாஸ் மோஸ்ட் ஃபியர்லெஸ்' என்ற ஆங்கில நூல் வரிசையை எழுதினார்கள். முதல் தொகுதி 2017-ல் வந்தது. அந்த வரிசையில் முகுந்தைப் பற்றி வரும் பகுதியைத் தழுவி ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய படமே 'அமரன்'. முகுந்த் தம் கதையைத் தாமே எழுதவில்லை. எழுத அவர் உயிரோடு இல்லை. நிகழ்ச்சி முதலில் உடனிருந்தோரின் நினைவில் தங்கிற்று. அவர்களிடமிருந்து எழுத்தாளர்களுக்கும், எழுத்தாளர்களிடமிருந்து இயக்குநருக்கும், இயக்குநரிடமிருந்து நடிகருக்கும் வந்து, கடைசியில் பார்ப்பவனின் கண்ணுக்கு எட்டிற்று. நம் பாஷையில் சொன்னால், இது ஒரு நீண்ட இஸ்னாத். இதில் ஒவ்வொரு கையும் எதையாவது சேர்த்திருக்கும், எதையாவது விட்டிருக்கும்.

நூல் படைவீரரின் செயலைச் சொல்ல வந்தது. படமோ கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவியின் கண்ணால் கதையைச் சொல்கிறது. இந்த மாற்றத்தில் குற்றமில்லை. அவர் இருந்தது மெய், காத்திருந்ததும் மெய். முகுந்தின் குலப் பின்னணியைப் படம் காட்டவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். இந்தியர் என்னும் அடையாளமே போதுமென்று பெற்றோர் விரும்பியதாக இயக்குநர் விளக்கமளித்தார். இதுவும் ஏற்கத்தக்கதே, உரியவர்கள் கேட்டுக்கொண்டபடி விடப்பட்டது.

ஆனால் அந்த வீட்டாருக்குக் கிடைத்த இந்த வாய்ப்பு மற்றொரு தரப்புக்குக் கிடைக்கவில்லை. ஷோபியான் ஆப்பிள் விளையும் மண். நம் ஊர்ப் பழக்கடையில் கூடையில் அடுக்கியிருக்கும் காஷ்மீர் ஆப்பிள் அங்கே விளைந்ததாகவும் இருக்கலாம். அங்கே தோட்டத்தில் உழைப்பவன் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் தாய் உண்டு. இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேலே ஓடும் படத்தில் அவர்கள் பெரும்பாலும் முகமில்லாத கூட்டமாகவே, கல்லெறிபவராகவோ ஒளிந்திருப்பவராகவோ வந்து போகிறார்கள். அதே ஷோபியான் மாவட்டத்தில் 2018 நவம்பரில் லான்ஸ் நாயக் நஸீர் அஹ்மத் வானி என்னும் காஷ்மீர் முஸ்லிம் படைவீரர் சண்டையில் உயிரிழந்தார். முன்பு ஆயுதக் குழுவில் இருந்து, மனம் மாறி, இராணுவத்தில் சேர்ந்தவர் அவர். 2019-ல் அதே அசோக சக்கர விருது அவருக்கும் வழங்கப்பட்டது. அவருடைய மனைவியும் அவ்வாறே கணவரின்றி வந்து பெற்றுக்கொண்டார். ஒரே மண், ஒரே விருது. ஒரு கதையை மட்டும் பார்த்தவன் அம்மக்களைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு, இரண்டையும் அறிந்தவனின் தீர்ப்பாக இருக்குமா?

சுட்டவரே எழுதினால்?

"முகுந்த் தாமே எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திராதே!" என்று வாசகர்கள் எண்ணலாம். சுட்டவரே எழுதிய நூலுக்கும் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் கிறிஸ் கைல், தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் வீரர். இராக்கில் அவர் சுட்டுக் கொன்றவர்களில் உறுதிசெய்யப்பட்டதாகச் சொல்லப்படும் எண்ணிக்கையே 160. 2012-ல் இருவர் துணையுடன் 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' என்ற தன்வரலாற்றை எழுதினார். 2013 பிப்ரவரியில், மனநலம் குன்றிய ஒரு முன்னாள் படைவீரருக்கு உதவப்போன இடத்தில், அவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2014 இறுதியில் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கத்தில் அந்நூல் படமாயிற்று.

நூலையும் படத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. நூலில் முதலில் அவர் சுடுவது, கையெறிகுண்டுடன் வந்த ஒரு பெண்ணை. படத்தில் அப்பெண் ஒரு சிறுவனின் கையில் குண்டைக் கொடுக்கிறாள். அவர் முதலில் சிறுவனைச் சுடுகிறார். நூலில் முஸ்தஃபா என்ற எதிரித் துப்பாக்கி வீரனைப் பற்றிச் சில வரிகளே உள்ளன. தாம் அவனைப் பார்த்ததேயில்லை என்றும் வேறு வீரர்கள் கொன்றிருக்கக்கூடும் என்றும் கைல் எழுதுகிறார். படத்தில் முஸ்தஃபா கதை முழுதும் பின்தொடரும் பகைவன். 2008-ல் பக்தாதின் சத்ர் நகரை அடுத்து 2,100 கஜ தூரத்திலிருந்து வேறொருவரைச் சுட்டதாக நூலில் வருகிறதே, அந்தக் குண்டைப் படம் முஸ்தஃபாவின் மேல் பாய்ச்சுகிறது. குழந்தையைத் துளைக்கருவியால் சித்திரவதை செய்யும் 'கசாப்புக்காரன்' என்ற பாத்திரமோ நூலில் இல்லவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இரட்டைக் கோபுரங்கள் வீழ்வதைக் கதாநாயகன் தொலைக்காட்சியில் பார்க்கிறான். சற்று நேரத்தில் இராக்கில் நிற்கிறான். அத்தாக்குதலை விசாரித்த அமெரிக்காவின் சொந்த ஆணைக்குழுவே, இராக் அரசுக்கும் அல்காயிதாவுக்கும் இடையே செயலளவிலான கூட்டுறவுக்குச் சான்று இல்லை என்று 2004-ல் அறிக்கை தந்தது. படத்தில் யாரும் வாய்விட்டுப் பொய் சொல்லவில்லை. இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான். பார்ப்பவன் தானே முடிச்சுப் போட்டுக்கொள்கிறான். நேரில் கேட்காததை நேரில் கேட்டது போலத் தோன்றும் வார்த்தையால் அறிவிப்பதை ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்பார்கள். சொல்லில் பொய் இருக்காது. கேட்பவர் மனத்தில் பொய் விளையும். அதை நம் இமாம்கள் வன்மையாகக் கண்டித்தார்கள்.

படம் பகைவரைக் கறுப்பாக்கியதோடு நிற்கவில்லை. வீரரை வெளுப்பாக்கவும் செய்தது. தாம் செய்த கொலைகளுக்காக வருந்தவில்லை என்று கைல் நூலில் திட்டவட்டமாக எழுதியிருக்கிறார்; தம்மவரைக் காப்பாற்ற முடியாமற் போனதே அவருக்கிருந்த வருத்தம். படத்தில் வருபவனோ தயங்குகிறான், கலங்குகிறான், விசையில் வைத்த விரல் நடுங்க நிற்கிறான். அவருக்கு இல்லாத, அல்லது அவர் இல்லையென்று சொன்ன, ஒரு மனச்சாட்சியைப் படம் அவருக்கு வழங்கிவிட்டது. நல்லதைத்தானே சேர்த்தார்கள் என்று கேட்கலாம். ஆனால் ஒருவர் தம் வாயால் கொடுத்த வாக்குமூலத்தை, அவர் மறைந்தபின் திருத்துவது அவருக்கே செய்யும் அநீதியல்லவா? அதைப் படித்து, "போர் மனிதனின் உள்ளத்தை இவ்வளவு கல்லாக்குமா?" என்று நாம் படிப்பினை பெறுவதற்கும் அது தடையல்லவா?

தாமே எழுதிய நூல் என்பதனால் அது முழுதும் மெய்யாகிவிடுவதுமில்லை. தமக்கு 2 வெள்ளி நட்சத்திரம், 5 வெண்கல நட்சத்திரம் கிடைத்ததாக நூலில் உள்ளது. கடற்படை 2016-ல் பதிவேடுகளைச் சரிபார்த்து, வெள்ளி 1, வெண்கலம் 4 என்று திருத்திற்று. ஆகவே முதல் ராவியையும் உரைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு படைவீரர் தம்மைப் பற்றிச் சொன்னது

தம்மைப் பற்றி ஒரு போர்வீரர் எப்படி அறிவிக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஓர் அறிவிப்பு இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள அது, நாயகம் (ஸல்) அவர்களின் பேரன்புக்குரிய உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்கள் தம் வாயால் சொன்னது. ஜுஹைனா குலத்தாரின் ஹுரகாவுக்கு அனுப்பப்பட்ட படையில் அவர்கள் இருந்தார்கள். தோற்று ஓடிய ஒருவரை அன்ஸாரித் தோழர் ஒருவரோடு சூழ்ந்துகொண்டார்கள். அம்மனிதர் கலிமாவை மொழிந்தார். அன்ஸாரி கையை இழுத்துக்கொண்டார். உஸாமா ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். மதீனாவில் செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள், கலிமாவைச் சொன்ன பிறகுமா கொன்றீர் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆயுதத்துக்கு அஞ்சிச் சொன்னார் என்று உஸாமா கூறியபோது, அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் கேட்டார்கள். அன்றுதான் தாம் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக்கூடாதா என்று ஏங்கும் அளவுக்குத் தமக்கு ஆகிவிட்டது என்கிறார்கள் உஸாமா (ரலி).

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இதைச் சொன்னவர் குற்றம் செய்தவரே. மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. "அப்போது என் கை நடுங்கிற்று" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. தயங்கியவர் அன்ஸாரி, கொன்றவன் நான் என்று உள்ளபடி சொன்னார்கள். அவரிடமிருந்து கேட்டவர்களும், நாயகத்தின் அன்புக்குரியவர் ஆயிற்றே என்று பூசி மெழுகவில்லை. கொல்லப்பட்டவரையும் அவர்கள் கூட்டத்தில் ஒருவராக விட்டுவிடவில்லை. மிர்தாஸ் இப்னு நஹீக் என்று அவர் பெயரையும் வரலாற்று நூல்கள் காத்து வைத்திருக்கின்றன. மறுமை நாளில் அந்தக் கலிமா வந்து நிற்கும்போது என்ன செய்வீர் என்ற கேள்வியால், கொல்லப்பட்டவர் வழக்காடும் உரிமையுடைய மனிதராக அந்த அறிவிப்பில் என்றென்றும் நிற்கிறார். அந்த நினைவு உஸாமாவை வாழ்நாளெல்லாம் விடவில்லை. பிற்காலத்தில் முஸ்லிம்கள் தமக்குள் வாளெடுத்த குழப்பத்தில் அவர்கள் எப்பக்கமும் சேராமல் ஒதுங்கியிருந்தார்கள்.

சேர்க்காமல் சொன்னதால்தான் அந்த அறிவிப்பு பதினான்கு நூற்றாண்டுகளாக உள்ளங்களைத் திருத்துகிறது. நல்ல நோக்கத்துக்காகக் கூட்டிச் சொன்னவர்களும் நம் வரலாற்றில் உண்டு. நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர், மக்கள் குர்ஆன் ஓதுவதை விட்டுவிட்டார்களே என்று எண்ணி, ஒவ்வொரு சூராவின் சிறப்புக்கும் ஹதீஸ்களைப் புனைந்ததாக ஹதீஸ் கலை நூல்கள் கூறுகின்றன. நோக்கம் நல்லதென்று இமாம்கள் அவரை விட்டார்களா? இல்லை, அவருடைய அறிவிப்புகளைத் தள்ளிவிட்டார்கள்.

அதே இமாம்கள் எளிதாக்கிக் கொடுத்ததும் உண்டு. வார்த்தைக்கு வார்த்தை நினைவில் இல்லாதவர் கருத்தைத் தம் சொல்லில் அறிவிக்கலாம். ஆனால் எந்தச் சொல்லை மாற்றினால் பொருள் மாறும் என்று அறிந்தவராக இருக்க வேண்டும். நம் கேள்விக்கான விடை இந்த நிபந்தனையில் அடங்கியிருக்கிறது. வாழ்வைக் கதையாக்குபவர் சுருக்கலாம், முன்பின்னாக அடுக்கலாம், உரையாடலைத் தம் சொல்லில் அமைக்கலாம். ஆனால் கேட்பவர் ஒரு மனிதரைப் பற்றியோ மக்களைப் பற்றியோ சொல்லும் தீர்ப்பு மாறிவிடும்படி எதையும் சேர்க்கவோ விடவோ அவருக்கு உரிமையில்லை. எழுந்து மறுக்க வாயில்லாதவர் விஷயத்தில் இது இருமடங்கு கடமை. இறந்தவரும் அத்தகையவர், தொலைவிலிருக்கும் மக்களும் அத்தகையவரே.

'அமரன்' படத்தின் ஒரு காட்சியில் தோன்றிய கைபேசி எண், சென்னையிலுள்ள ஒரு மாணவருடையதாக இருந்தது. நாடெங்கிலுமிருந்து அழைப்புகள் குவிந்து அவர் அமைதி இழந்தார். முறையிட்டபின் படத்தினர் வருத்தம் தெரிவித்து அந்த எண்ணை மறைத்தார்கள், நல்ல காரியம். ஒரு நிமிடக் காட்சியால் ஒரு மாணவருக்கு இவ்வளவு தொல்லை என்றால், முகமில்லாமல் காட்டப்பட்ட மக்களின் வீட்டுக் கதவை எத்தனை பேருடைய தவறான எண்ணம் தட்டும்? அவர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்?

நம் கையிலுள்ள தராசு

இவ்வளவும் பிறருக்குச் சொன்னோம். இனி நமக்கு. ஒரு கூட்டத்தாரின் மேலுள்ள வெறுப்பு நம்மை அநீதியின் பக்கம் தள்ளிவிடலாகாது என்று மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனத்தின் கருத்து.

நம் வீடுகளில் துருக்கிய 'எர்துருல்' தொடரைப் பார்க்காதவர் குறைவு. 2014 முதல் 2019 வரை தயாரான அத்தொடரைப் பார்த்துக் கண்ணீர் வடித்து, "இதுதான் நம் வரலாறு" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். உதுமானியப் பேரரசை நிறுவிய உதுமானின் தந்தை எர்துருல். அவர் காலத்திலேயே எழுதப்பட்ட விரிவான வரலாறு ஏதும் நமக்குக் கிடைக்கவில்லை. இருப்பவை நூறாண்டுகளுக்கும் பின்னால் எழுதப்பட்டவை. தொடரில் வரும் பெரும்பகுதி கற்பனையே. அதில் வரும் சிலுவைக்காரர்களைப் பார்த்து நம் தெருக்கோடியிலுள்ள கிறிஸ்தவ அண்டைவீட்டார் மனம் நோகமாட்டாரா என்று நாம் ஒருநாளாவது எண்ணியதுண்டா? நம்மைக் காயப்படுத்தும் படத்துக்கு ஒரு தராசு, நம்மைப் புகழும் படத்துக்கு வேறொரு தராசா?

2024 நவம்பர் 16 அன்று, 'அமரன்' ஓடிய மேலப்பாளையம் திரையரங்கில் பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. அல்லாஹ்வின் கிருபையால் எவருக்கும் காயமில்லை. யார் செய்திருந்தாலும் அது பாவம், மூடத்தனமும்கூட. அம்மக்களைப் பற்றிப் படம் சொன்ன குறை பொய் என்று வாதாட நின்றவர்களின் வாயை அந்த ஒரு குண்டு அடைத்துவிட்டது. அறவழியில் மறுப்பதற்குச் சொல் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, சட்டம் இருக்கிறது.

ஒருவர் கொண்டுவந்த தவறான செய்தியால் பனூ முஸ்தலிக் குலத்தார் மீது படை புறப்படும் நிலை வந்ததும், செய்தியைத் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்துவீர்கள் என்ற கருத்தில் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் அருளப்பெற்றதும் விரிவுரைகளில் காணப்படும் செய்தி. அந்த வசனத்தை ஓதியே மறு ஜும்ஆவில் நாம் மிம்பரில் பேசினோம். படத்தில் இருப்பதாகச் சென்ற வாரம் நாம் சொன்ன ஒரு காட்சி அதில் இல்லை என்றும், பார்க்காமல் சொன்னது நம் பிழை என்றும் ஜமாஅத்தின் முன் ஒப்புக்கொண்டோம். படத்தில் நாம் கண்ட மெய்யான குறையையும் அதன் அளவுக்கே சொன்னோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. "ஹஜ்ரத் இப்படி இறங்கி வரணுமா?" என்றார் ஒரு பெரியவர். உஸாமா (ரலி) அவர்கள் இறங்கி வந்த தூரத்தைப் பார்த்தால் நாம் ஒரு படிகூட இறங்கவில்லை என்றோம்.

கேள்வி கேட்ட அந்தத் தம்பி அன்று காலை ஷிப்டில் இருந்தார். ஜும்ஆவுக்கு வர முடியவில்லை. இரவு இஷாவுக்கு வந்தபோது நாமே அவரிடம் போய்ச் சொன்னோம். "அல்ஹம்துலில்லாஹ் ஹஜ்ரத்" என்று கையைப் பற்றிக்கொண்டார், வேறொன்றும் பேசவில்லை.

கேட்டதை உள்ளபடி சொல்லும் நாவையும், காட்டப்பட்டதை ஆராய்ந்து பார்க்கும் கண்ணையும், நமக்கும் பிறருக்கும் ஒரே தராசைப் பிடிக்கும் கையையும் வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.